அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாத நோய்



புராஸ்டேட் புற்றுநோயின் அறிகுறிகளை அறிந்துகொள்வது எப்படி என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு. மருத்துவமனைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் விழிப்புணர்வுத் தாள்களிலும் நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களிலும் இதற்கு ஒரு பட்டியல் ஆயத்தமாக இருக்கிறது: இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, தாரை மெலிந்துபோவது, முக்கினால்தான் வருவது, போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுவது, கடைசியில் சொட்டுச் சொட்டாக வடிவது. இந்தப் பட்டியலை நானும் ஒருமுறை வாசித்துவிட்டு அமர்ந்தால் உங்களுக்கு நன்மை செய்தவன் ஆக மாட்டேன். இந்தத் தொந்தரவுகள் பெரும்பாலும் புற்றுநோயால் வருபவை அல்ல. குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் இருக்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கோ அநேகமாக எந்த அறிகுறியும் இருப்பதில்லை. "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஆகவே நோயும் இல்லை" என்று நிம்மதியாக இருப்பவரையும், "இரவில் மூன்று தடவை எழுகிறேன், அதுவாகத்தான் இருக்கும்" என்று நடுங்குபவரையும் அந்தப் பட்டியல் ஒருசேரத் தவறான வழியில் அனுப்பிவிடுகிறது. இதைச் சான்றுகளோடு காட்டுவதும், அப்படியானால் ஓர் ஆண் என்னதான் செய்ய வேண்டும் என்று சொல்வதும் இந்தப் பேச்சின் நோக்கம்.

உடலமைப்பிலிருந்து தொடங்குவோம். புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, மலக்குடலுக்கு முன்னால் அமைந்த சுரப்பி. விந்தோடு கலக்கும் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. இளவயதில் பெரிய நெல்லிக்காய் அளவில், சுமார் 20 கிராம் எடையில் இருக்கும். சிறுநீர்ப்பையிலிருந்து வெளியேறும் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவே ஊடுருவிச் செல்கிறது. நம் கேள்விக்கு விடை இந்த அமைப்பிலேயே இருக்கிறது. சுரப்பி முழுவதும் ஒரே மாதிரியான தசைப்பிண்டம் அன்று. அதற்குள் தனித்தனி மண்டலங்கள் உண்டு என்பதை ஜான் மக்நீல் என்ற அமெரிக்க நோய்க்குறியியலாளர் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்துக் காட்டினார். வயது ஏற ஏற ஆண்களுக்கு வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்க் குழாயைச் சுற்றியுள்ள உள்மண்டலத்தில் வளர்கிறது. வளரும்போதே குழாயை நெருக்குவதால் தாரை மெலிகிறது, முக்க வேண்டியிருக்கிறது, இரவில் எழ வேண்டியிருக்கிறது. புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதம் தோன்றுவது குழாயிலிருந்து விலகி, மலக்குடலை ஒட்டியிருக்கும் வெளிமண்டலத்தில். அங்கே முளைக்கும் சிறு கட்டி எதையும் நெருக்குவதில்லை; வலிப்பதும் இல்லை. அது குழாயை எட்டித் தொல்லை கொடுக்கும் நேரத்தில், பெரும்பாலும் ஆரம்ப நிலையைத் தாண்டியிருக்கும்.

உடலமைப்பு சொல்வதை ஆய்வுகளும் உறுதிசெய்கின்றன. நார்வேயில் ஆயிரக்கணக்கான ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஹண்ட் ஆய்வின் முடிவு 2008இல் வந்தது. சிறுநீர்த் தொந்தரவு இருந்தவர்களிடம் ஆரம்பநிலைப் புற்றுநோய் சற்று அதிகமாகக் கண்டறியப்பட்டது உண்மை. ஆனால் முற்றிய புற்றுநோயோ அதனால் வரும் மரணமோ அவர்களிடம் கூடுதலாக இல்லை. தொந்தரவு அவர்களை மருத்துவரிடம் கொண்டுபோனது, மருத்துவர் பரிசோதித்தார், தேடிய இடத்தில் நோய் அகப்பட்டது. தொந்தரவுக்குக் காரணம் அந்த நோய் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. பிரிட்டனின் புரோடெக்ட் ஆய்வில் கிடைத்த தகவல் இன்னும் கவனிக்கத்தக்கது. புராஸ்டேட் புற்றுநோயைத் தேடும் இரத்தப் பரிசோதனையில் அளவு கூடியிருந்த ஆண்களை எடுத்துப் பார்த்தபோது, சிறுநீர்த் தொந்தரவு உள்ளவர்களைவிட அது இல்லாதவர்களிடமே புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. தொந்தரவு உள்ளவரின் அளவு கூடியதற்குச் சாதாரண வீக்கமே காரணமாக இருந்திருக்கலாம் என்பதுதான் இதன் பொருள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சிறுநீரியல் பேராசிரியர் வின்சென்ட் ஞானப்பிரகாசமும் அவருடைய குழுவினரும் 2022இல் இத்தகைய சான்றுகளை எல்லாம் தொகுத்து, சிறுநீர்த் தொந்தரவையும் புராஸ்டேட் புற்றுநோயையும் காரண-காரியமாக இணைக்க ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். பிரிட்டனில் எடுத்த ஒரு கணக்கெடுப்பையும் எடுத்துக்காட்டினார்கள்: 86 சதவீதம் பேர் இந்த நோயை அறிகுறிகளோடு சேர்த்தே நினைக்கிறார்கள், அறிகுறியே இல்லாமலும் அது இருக்கலாம் என்று தெரிந்தவர்கள் 1 சதவீதமே. விழிப்புணர்வுப் பரப்புரையில் பல பத்தாண்டு அனுபவம் உள்ள ஒரு நாட்டிலேயே நிலைமை இது.

உடனே ஒரு மறுப்பு எழும். "அப்படியானால் சிறுநீர்த் தொந்தரவைக் கண்டுகொள்ள வேண்டாம் என்கிறீர்களா?" இல்லவே இல்லை. புற்றுநோய் அல்ல என்பதால் அது அற்பமானது என்று ஆகிவிடாது. வீங்கிய புராஸ்டேட் திடீரென்று சிறுநீரை முற்றாக அடைத்துவிடலாம்; நாள்பட்ட அடைப்பு சிறுநீரகங்களையே கெடுக்கலாம். இரவில் அடிக்கடி எழுவதற்குச் சர்க்கரை நோய் காரணமாக இருக்கலாம். இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் நீர்பிரி மாத்திரையும் காரணமாக இருக்கலாம். சிறுநீரில் இரத்தம் ஒரே ஒருமுறை, வலியே இல்லாமல் தென்பட்டு நின்றுபோனாலும், அதைச் சூடு என்று சொல்லி இளநீர் குடித்து ஆற்றிக்கொள்ளக் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் சிறுநீரகப் புற்றுநோயும் அப்படித்தான் முதலில் தலைகாட்டுகின்றன. ஆகவே மருத்துவரிடம் போக வேண்டும், ஆனால் சரியான காரணத்துக்காகப் போக வேண்டும். இங்கே மருந்து பற்றி ஒரு குறிப்பும் தேவைப்படுகிறது. புராஸ்டேட் வீக்கத்துக்கு எழுதித்தரும் மாத்திரைகளில் டூட்டாஸ்டரைடு, ஃபினாஸ்டரைடு என்ற இரண்டும், சில மாதங்கள் தொடர்ந்து சாப்பிட்டால், புற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனை எண்ணைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். இரண்டு என்று அறிக்கையில் வந்தால் உண்மையில் அது நான்காக இருக்கலாம். மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லாமல் பரிசோதனைக்குப் போகிறவர், இல்லாத நிம்மதியோடு வீடு திரும்புவார்.

இந்த நோய்க்கு அறிகுறியே கிடையாது என்றும் நான் சொல்லவில்லை. உண்டு, தாமதமாக வருகிறது, பலரும் எதிர்பார்க்காத இடத்தில் வருகிறது. புராஸ்டேட் புற்றுநோய் பரவும்போது எலும்பைத் தேடிப் போகும் இயல்புடையது. அதிலும் முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, தொடையெலும்பின் மேற்பகுதி ஆகியவை முன்வரிசையில் இருக்கின்றன. இடுப்புக்குழியின் சிரைகளும் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதை ஆஸ்கர் பேட்சன் 1940இல் விளக்கியபோது, இந்தப் பயணத்துக்கு ஒரு வழி இருப்பது தெரிந்தது. ஆகவே புராஸ்டேட் புற்றுநோயின் முதல் குரல் சிலரிடம் முதுகுவலியாக, இடுப்புவலியாக, தோள்வலியாக ஒலிக்கிறது. ஆறு ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற பிரிட்டன் சைக்கிள் வீரர் கிறிஸ் ஹோய் தம் நோயைப் பொதுவெளியில் சொன்னபோது பலரும் திகைத்ததற்குக் காரணம் இதுதான். அவருக்கு வந்தது தோள்வலி. உடற்பயிற்சியில் ஏற்பட்ட சுளுக்கு என்றே நினைத்திருந்தார். ஸ்கேன் எடுத்தபோது தோளில் கட்டி. அதன் மூலம் புராஸ்டேட்டில். நோய் எலும்புகளுக்குப் பரவியிருந்தது. அப்போது அவருக்கு வயது 47. தந்தைக்கும் தாத்தாவுக்கும் இந்த நோய் இருந்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். முன்கூட்டியே எச்சரித்திருக்கக்கூடியது குடும்ப வரலாறு ஒன்றுதான். உடல் எச்சரித்தபோது நேரம் கடந்திருந்தது.

முதுகுவலி இல்லாத நடுவயதுக்காரர் அரிது. அதில் எதைக் கண்டு அஞ்ச வேண்டும்? வேலை செய்தால் கூடி, படுத்தால் குறையும் வலி பெரும்பாலும் தசையின் வலி. படுத்தாலும் விடாத வலி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போகும் வலி, இருமினாலோ முக்கினாலோ சுரீர் என்று ஏறும் வலி, மார்பைச் சுற்றிக் கச்சை கட்டியதுபோல் இறுக்கும் வலி ஆகியவற்றை எண்ணெய் தேய்த்துச் சமாளிக்க நினைக்கக் கூடாது. காரணமில்லாத எடைக்குறைவும் சோர்வும் கூடவே இருந்தால் இன்னும் விரைய வேண்டும். ஏற்கெனவே புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவருக்கு முதுகுவலியோடு கால்கள் தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டை மீறினாலோ, அது தண்டுவடம் நெருக்கப்படுவதன் அடையாளம். நாளை பார்க்கலாம் என்று தள்ளிவைக்க அதற்கு அவகாசம் இல்லை. அன்றைக்கே மருத்துவமனையில் இருக்க வேண்டும். சிகிச்சை தொடங்கும் வேளையில் நடந்துகொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் பிறகும் நடக்கிறார்கள்; கால் விழுந்த பிறகு வந்தவர்களில் மீண்டும் நடப்பவர்கள் மிகச் சிலரே. அறிகுறியை அறிந்துகொள்வது ஒரு மனிதரின் வாழ்வை நேரடியாக மாற்றும் இடம் இது. ஆனால் விழிப்புணர்வுத் தாள்களில் சிறுநீர் பற்றி ஐந்து வரி இருந்தால் இதைப் பற்றி அரை வரி இருப்பதே அபூர்வம். பரவிவிட்ட பிறகு என்ன பயன் என்றும் கேட்கக் கூடாது. ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்தப் புற்றுநோய் ஒடுங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். 1966இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். அந்த வழியில் வளர்ந்த மருந்துகளால், நோய் எலும்புக்குப் பரவிய நிலையிலும் பல ஆண்டுகள் பயனுள்ள வாழ்க்கை வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

குணப்படுத்தும் கட்டத்தில் அறிகுறி இல்லை. அறிகுறி வரும்போது பெரும்பாலும் அந்தக் கட்டம் கடந்துவிடுகிறது. இந்த இரண்டையும் ஏற்றுக்கொண்டால், அறிகுறி இல்லாதபோதே தேடுவதா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. தேடுவதற்கான முதல் கருவி பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை. புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அது அளக்கிறது. ஏற்கெனவே கண்டறிந்த நோயைக் கண்காணிக்க 1986இலும், நோயைக் கண்டறிய உதவியாக 1994இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு ஒப்புதல் தந்தது. மலவாயில் விரல் விட்டுப் பார்க்கும் சோதனைக்குக் கூசியே பலர் மருத்துவரிடம் போகாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதல் படி இன்று ஓர் ஊசியில் எடுக்கும் இரத்தம் மட்டுமே. விரலால் மட்டும் தேடினால் சிறு கட்டிகள் பலவும் தவறிப்போகும் என்பதும் தெரிந்த செய்தி. ஆனால் பி.எஸ்.ஏ. புற்றுநோய்க்கே உரிய அளவுகோல் அன்று. சாதாரண வீக்கம், சிறுநீர்த் தொற்று, பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாளில் விந்து வெளியேறியது, நெடுநேரம் சைக்கிள் ஓட்டியது என்று பலவும் அந்த எண்ணை ஏற்றும். அளவு கூடியிருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: நான்குக்குக் கீழே எண் இருந்தவர்களிடம் திசு எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 15 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருந்தது.

இந்தக் குறையை வைத்து எழுப்பப்படும் மறுப்பு வலுவானது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். புராஸ்டேட்டுக்கே உரிய எதிர்ச்செனி (ஆன்டிஜென்) ஒன்றை 1970இல் கண்டறிந்த ரிச்சர்ட் ஆப்லின், எல்லா ஆண்களுக்கும் இந்தச் சோதனையைச் செய்வது பெரும் தவறு என்று 2010இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். வேறு காரணங்களால் இறந்த முதியவர்களின் உடலைச் சோதித்த ஆய்வுகளில், 80 வயது எட்டியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் அவர்கள் அறியாமலே இந்தப் புற்றுநோய் இருந்தது. அவர்கள் அதோடு வாழ்ந்தார்கள், அதனால் சாகவில்லை. அப்படிப்பட்டவர்களைத் தேடிப்பிடித்து அறுவை செய்தால் கிடைப்பது ஆண்மைக்குறைவும் சிறுநீர்க் கசிவும்தான். இந்தக் கவலையால்தான் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2012இல் பி.எஸ்.ஏ. மூலம் நோய் தேடுவதே வேண்டாம் என்றது. ஆனால் சான்றுகள் அங்கேயே நின்றுவிடவில்லை. ஐரோப்பாவின் பெரிய ஆய்வில், 13 ஆண்டு முடிவில் பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட 781 பேருக்கு ஒரு மரணம் தவிர்க்கப்பட்டது. 23 ஆண்டு முடிவில் 456 பேருக்கு ஒன்று. மெதுவாக வளரும் நோயில் பலனும் மெதுவாகவே தெரியும். பிரிட்டனில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோரை வைத்து நடந்த இன்னோர் ஆய்வில், ஒரே ஒருமுறை பரிசோதனைக்கு அழைத்ததால் 15 ஆண்டில் மரண விகிதம் 0.78 சதவீதத்திலிருந்து 0.69க்கு இறங்கியது. மிகச் சிறிய பலன்தான். ஆனால் பலன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்கப் பணிக்குழுவும் 2018இல் தன் கருத்தை மாற்றி, 55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் நன்மை தீமைகளை மருத்துவரோடு பேசித் தாமே முடிவெடுக்கட்டும் என்றது. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் பரிந்துரைக்கவில்லை.

இந்த மறுப்புக்கு என் விடை இது: தீங்கு நோயைக் கண்டுபிடித்ததில் இல்லை; கண்டுபிடித்ததை எல்லாம் உடனே வெட்டியதில் இருந்தது. புரோடெக்ட் ஆய்வில், ஆரம்பநிலை நோய் உள்ள 1,643 பேரை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். 15 ஆண்டுகளுக்குப் பிறகு மூன்று பிரிவிலும் சுமார் 97 சதவீதம் பேர் இந்த நோயால் இறக்காமல் இருந்தார்கள். வேகம் குறைந்த வகையாக இருந்தால், அவ்வப்போது இரத்தமும் ஸ்கேனும் பார்த்துக்கொண்டு காத்திருப்பதும் முறையான சிகிச்சையே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. பி.எஸ்.ஏ. கூடியதும் நேராக ஊசி குத்தித் திசு எடுத்த காலம் மாறி, முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, சந்தேகமான இடம் தெரிந்தால் மட்டும் அங்கே குத்துகிறார்கள். 2017இலும் 2018இலும் வந்த பிரிட்டிஷ், பன்னாட்டு ஆய்வுகள் இதற்கு வழி திறந்தன. சுவீடனின் யோத்தபரி நகரில் நடந்த ஆய்வு, இந்த முறையில் தேவையற்ற கண்டறிதல் பாதியாகக் குறைவதை 2022இல் காட்டியது. ஆகவே பரிசோதனை செய்துகொள்ள ஒப்புகிறவர் அறுவைக்கும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று ஆகாது. ஒவ்வொரு படியிலும் நின்று, கேட்டு, மறுக்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது.

கடைசி மறுப்பு நம் நாட்டைப் பற்றியது. "இது மேலைநாட்டு நோய், இங்கே குறைவு, நமக்கெதற்கு?" இங்கே விகிதம் குறைவு என்பது உண்மை. குளோபோகேன் மதிப்பீட்டின்படி 2022இல் உலகில் சுமார் 14 லட்சத்து 70 ஆயிரம் புதிய நோயாளிகள். இந்தியாவில் சுமார் 38,000. ஆனால் அதே ஆண்டில் இங்கே இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 18,000. புதிதாகக் கண்டறியப்பட்டவர் எண்ணிக்கையில் இது ஏறக்குறையப் பாதி. உலக அளவில் அந்த விகிதம் கால் பங்கை ஒட்டியது. மேலைநாடுகளில் சாதுவான கட்டிகளும் கண்டறியப்படுவதால் அங்கே விகிதம் குறைந்து தெரிகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எடுத்த பிறகும், இங்கே நோய் தாமதமாகவே அகப்படுகிறது என்ற முடிவிலிருந்து தப்ப வழியில்லை. நம் ஆயுள் நீள நீள எண்ணிக்கையும் ஏறும். அதற்காக நாட்டிலுள்ள ஆண்கள் அனைவரையும் வரிசையில் நிறுத்திச் சோதிக்கச் சொல்ல மாட்டேன். வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கே அரசின் பரிசோதனைத் திட்டம் முன்னுரிமை தருகிறது. நம் நோய்ச்சுமைக்கு அது பொருத்தமான தேர்வு. ஊர் முழுக்க வலை வீசுவதற்குப் பதில், யாருக்கு ஆபத்து கூடுதலோ அவரிடம் போய்ச் சேர வேண்டும்.

அவர் யார்? தந்தைக்கோ உடன்பிறந்த சகோதரனுக்கோ இந்த நோய் இருந்தால் ஒருவருக்கு ஆபத்து இரு மடங்கு அல்லது அதற்கும் மேல். இதைப் பலர் அறிவார்கள். அறியாதது இன்னொன்று: தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ இருந்ததும் ஆண்மகனின் கணக்கில் சேரும். பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுவின் பிழை பெண்ணுக்கு மார்பகத்திலும் ஆணுக்குப் புராஸ்டேட்டிலும் வெளிப்படலாம். ஆணிடம் அது இளவயதிலேயே, வேகமான வகையாக வரக்கூடியது. தாயின் நோய் மகள்களின் கவலை மட்டுமே என்று ஒதுங்கியிருக்கும் மகன்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல், பொதுவாக 50 வயதிலிருந்தும், குடும்பத்தில் நோய் இருந்தால் 45 வயதிலிருந்தும், அந்த மரபணுப் பிழை உள்ளவர்களுக்கு 40 வயதிலிருந்தும் இதைப் பற்றிப் பேசத் தொடங்கச் சொல்கிறது.

ஆகவே நீங்கள் இங்கிருந்து கொண்டுபோக வேண்டியவை இவை. சிறுநீரில் தொந்தரவு இருந்தால் பயப்படாமல் மருத்துவரைப் பாருங்கள். தொந்தரவு இல்லை என்பதை நோயில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். இரவில் விடாத எலும்புவலியைத் தள்ளிப்போடாதீர்கள். முதுகுவலியோடு கால் தளர்ந்தால் அன்றைக்கே ஓடுங்கள். உங்கள் குடும்பத்தில் ஆண், பெண் இருபாலாருக்கும் வந்த புற்றுநோய்களையும், எந்த வயதில் வந்தன என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். 50 வயதில், குடும்பத்தில் நோய் இருந்தால் 45 வயதில், பி.எஸ்.ஏ. பரிசோதனை எனக்கு வேண்டுமா என்ற கேள்வியை நீங்களே எடுத்துவையுங்கள். முழுஉடல் பரிசோதனைத் தொகுப்பில் பத்தோடு பதினொன்றாக அதுவும் இருந்தது என்று செய்துகொள்ளாதீர்கள். எண் கூடி வந்தால் அடுத்து என்ன செய்வோம் என்று முன்னதாகவே பேசி வைத்துக்கொண்டால், அந்தத் தாள் கைக்கு வரும் நாளில் அச்சம் உங்களுக்காக முடிவெடுக்காது.